சடவு: சிடுசிடுப்புக்குத் திருப்பூரில் புழங்கும் சொற்கள்

என் அம்மா இருபது வருடத்துக்கு மேல் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன்னால் நின்று வேலை பார்த்தவர். அவர் அடிக்கடி சொல்லும் ஒரு சம்பவம்தான் இந்தக் கட்டுரைக்கு விதை.

ஒரு சனிக்கிழமை. சம்பள நாள். சரக்கு கப்பலேற வேண்டிய தேதி நெருங்கிவிட்டதால் அன்றைக்கும் ஒன்றரை ஷிப்ட். அம்மாவுக்கு இடப்புறம் காங்கயம் பக்கத்துப் பெண். வலப்புறம் கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைப்புக்கு வந்து ஆறு மாதமே ஆன பெண். சாயங்கால டீ முடிந்து கொஞ்ச நேரத்தில் காங்கயத்துப் பெண் கையிலிருந்த பீஸைக் கீழே வைத்துவிட்டு, "ஒரே சடவா இருக்குதுக்கா. யாருகோடயும் பேசவே முடியல" என்றாள். கோவில்பட்டிப் பெண்ணின் முகம் சுருங்கிப்போனது. "எம்மேல என்ன சடவு? நான் ஒண்ணும் சொல்லலையே" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு இருவருக்கும் பேச்சில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் தூக்குப்போசியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அம்மா நடுவில் புகுந்து முடிச்சை அவிழ்த்தார். காங்கயத்தில் சடவு என்றால் உடம்பு அசந்து, மனசும் கூடச் சேர்ந்து சோர்ந்துபோவது. கோவில்பட்டியில் சடவு என்றால் இரண்டு பேருக்குள் வரும் மனத்தாங்கல். முதலாமவள் தன் உடம்பைச் சொன்னாள். இரண்டாமவள் அதைத் தன் மேல் வந்த குற்றச்சாட்டாகக் கேட்டாள்.

மனம் சரியில்லாத வேளையைச் சொல்ல ஒவ்வொரு வட்டாரத்திலும் சொற்கள் இருக்கின்றன. அவை ஒரே உணர்ச்சிக்கு வெவ்வேறு பெயர்கள்தானா, அல்லது ஒவ்வொரு மண்ணும் அந்த உணர்ச்சியையே வேறு வேறு விதமாகப் பிரித்து வைத்திருக்கிறதா? கொங்கும் கரிசலும் பாண்டி நாடும் டெல்டாவும் ஒரே கூரையின் கீழ் தையல் போடும் திருப்பூரைவிட இந்தக் கேள்விக்குப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை என்று நினைக்கிறேன்.

இலக்கணம் கண்ட கோபம்

கோபத்தைப் பற்றித் தமிழ் இலக்கணம் நிறையவே யோசித்திருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் வெகுளியும் ஒன்று. அது பிறக்கும் இடங்கள் நான்கு: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பை வெட்டுவது, குடியைக் கெடுப்பது, அடித்து அலைப்பது, உயிரைப் பறிப்பது என நான்குமே பெரிய காரணங்கள். பெரிய காரணத்துக்கு வரும் பெரிய கோபமே வெகுளி. வள்ளுவர் வெகுளாமைக்குத் தனி அதிகாரம் வைத்ததும் இந்தக் கோபத்தை மனதில் வைத்துத்தான்.

இன்னொரு முனையில் காதலர் இடையே வரும் கோபம் இருக்கிறது. மருதத் திணையின் உரிப்பொருளே ஊடல். புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்ற மூன்று அதிகாரங்களோடுதான் திருக்குறள் முடிகிறது. இளம் பிணக்குக்குப் புலவி, முற்றிய பிணக்குக்குத் துனி என்று அளவு பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். துனி இல்லாத காமம் மிகக் கனிந்த பழம் போலவும், புலவி இல்லாத காமம் முற்றாத காய் போலவும் பயன்படாது போகும் என்கிறார் வள்ளுவர். உணர்ச்சியை இத்தனை நுட்பமாக அளந்த மொழி நம்முடையது.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு பெரிய வெளி இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வருகிறவளின் சிடுசிடுப்பு அங்கே இருக்கிறது. காரணம் சொல்லத் தெரியாமல் காலையிலேயே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவனும் அங்கேதான் இருக்கிறான். அது வெகுளி என்று சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை, ஊடல் என்று சொல்லும் அளவுக்கு இனிமையும் இல்லை. அதற்கான பெயர்கள் பெரும்பாலும் பேச்சில்தான் பிழைத்துக் கிடக்கின்றன. சொற்களை நான்காகப் பிரித்த தொல்காப்பியர் திசைச்சொல்லுக்கும் ஓர் இடம் கொடுத்தார். செந்தமிழ் நிலத்தைச் சுற்றிய பன்னிரண்டு நாடுகளின் வழக்கை உரையாசிரியர்கள் அதற்குள் வைத்தார்கள். அன்றாடச் சிடுசிடுப்பின் அகராதியைத் தேடுகிறவர் போக வேண்டிய திசை அதுதான்.

தொகுத்தவர்கள்

1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் பேச்சுச் சொற்கள் பலவற்றுக்கும் இடம் தந்தது. வட்டார வழக்குக்கென்றே அகராதி வேண்டும் என்று கிளம்பியவர் இடைசெவல் கி. ராஜநாராயணன். அவர் தொகுத்த வழக்குச் சொல்லகராதி 1982-இல் வந்தது. பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000-இலும், கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி 2007-இலும் வந்தன. நாஞ்சில் நாட்டு வழக்கை அ.கா. பெருமாள் தொகுத்தார். இவர்களில் பலரும் கையில் குறிப்பேட்டோடு தாமாகவே உழைத்தவர்கள். அவர்களுக்குத் தமிழ் பட்டிருக்கும் கடன் பெரிது.

கொங்குப் பேச்சு நாவலுக்குள் வந்த கதை இன்னும் பழையது. தாராபுரம் வட்டத்துக் கீரனூரைச் சேர்ந்த ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் எழுதிய 'நாகம்மாள்' இந்த மண்ணின் பேச்சை அச்சிலேற்றியது. திருப்பூரின் தொழில் வாழ்க்கையைச் சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை'யும் எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை'யும் எழுதின.

ஆனாலும் ஓர் இடைவெளி இருக்கிறது. வட்டார அகராதிகளின் உயிர் பெரும்பாலும் காட்டிலும் தோட்டத்திலும் கட்டுத்தரையிலும் இருக்கிறது. ஏறு, கிணறு, மாடு, சோளம், சோறு, நோம்பி எனப் போகும் உலகம் அது. அந்த உலகத்திலிருந்து பஸ் ஏறிக் கம்பெனிக்கு வந்த சொற்கள், வந்த இடத்தில் என்ன ஆயின என்பதை யாரும் முறையாகத் தொகுத்ததாக நான் பார்த்ததில்லை.

கொங்கின் கைச்சரக்கு

முதலில் சடவு. "நடந்து வந்த சடவு", "ராத்திரி தூங்காத சடவு" என்று உடம்பில் தொடங்கும் சொல் இது. ஆனால் உடம்போடு நிற்பதில்லை. "அதுக்கெதுக்கு இப்படிச் சடஞ்சுக்கறீங்க?" என்று கேட்கும்போது அது மனசுக்கு ஏறிவிடுகிறது. சலிப்பும் முணுமுணுப்பும் லேசான வருத்தமும் கலந்த நிலை அது. களைப்பு எங்கே முடிகிறது, கோபம் எங்கே தொடங்குகிறது என்று கொங்கு கோடு போடவில்லை. உழைத்து அலுத்த உடம்பைத் தெரிந்தவர்களுக்கு அப்படி ஒரு கோடு கிடையாது என்பதும் தெரியும்.

அடுத்தது வெசனம். விசனம் என்ற வடசொல் இங்கே வாய்க்கு ஏற்றபடி மாறியது. உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும் கவலை அது. வெசனமாக இருப்பவர் எரிந்து விழமாட்டார். வாசல் திண்ணையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். "எதுக்கு வெசனப்பட்டுட்டுக் கெடக்கறீங்க" என்று பக்கத்தில் போய் உட்கார வேண்டிய நிலை. சடவு என்றால் விலகிக் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும், வெசனம் என்றால் கிட்டப் போய்க் கேட்க வேண்டும். எதிரே இருப்பவர் செய்ய வேண்டியதையும் இந்தச் சொற்கள் சேர்த்தே சொல்லிவிடுகின்றன.

மூன்றாவது சீராட்டு. பொதுத்தமிழில் குழந்தையைப் பாராட்டிச் சீராட்டி வளர்க்கிறோம். கொங்கில் சீராட்டு என்றால் பெண் கணவன் வீட்டில் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விடுவது. "மருமவ சீராடிட்டுப் பொறந்தவூட்டுக்குப் போயிட்டா" என்பார்கள். கொஞ்சுவதற்கு ஒரு பக்கமும் கோபித்துப் போவதற்கு இன்னொரு பக்கமும் ஒரே சொல் நிற்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். கொஞ்சிப் பேச ஆளில்லாத இடத்திலிருந்து, கொஞ்சி வளர்த்த இடத்துக்குத் திரும்புகிற கோபம் அது. இந்தச் சொல்லுக்கும் ஓர் எதிர்க்கடமை உண்டு. புகுந்த வீட்டுப் பெரியவர்கள் போய், நியாயம் பேசி, கூட்டிக்கொண்டு வரவேண்டும். சீராட்டு என்று பெயர் வைத்த ஊர், அந்தப் பெண் திரும்பி வருவதற்கான வழியையும் வைத்தது.

இவற்றுக்கு மேல், சொல்லே இல்லாமல் மனநிலையைக் காட்டும் கருவி ஒன்றும் கொங்கிடம் இருக்கிறது. அதுதான் அந்த 'ங்க'. "என்னுங்க நீங்க, இப்படிப் பண்ணிப்போட்டீங்க" என்று சண்டையில்கூட மரியாதை ஒட்டிக்கொண்டே வரும். ஆகவே இங்கே கோபத்தின் அளவைக் குரலின் உயரத்தில் பார்ப்பதைவிட அந்த ஈற்றில் பார்க்கலாம். தினமும் "சரிங்க" என்று சொல்லும் கட்டிங் மாஸ்டர் ஒரு நாள் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினால், அந்த ஹாலில் இருக்கும் உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் விஷயம் புரிந்துவிடும். வெளியூர்க்காரருக்கு மட்டும் ஒன்றும் நடக்காதது போலிருக்கும்.

மற்ற திசைகளிலிருந்து வந்தவை

பனியன் தொழில் வளர வளர, மதுரை, தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம், நெல்லை, தூத்துக்குடி, தஞ்சை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். லைன் வீடுகளின் பொதுக் குழாயடியில் அவர்களுடைய சொற்களும் வந்து வரிசையில் நின்றன.

தென்மாவட்டத்துச் சடவு, மேலே பார்த்தபடி, இருவருக்கு இடையில் வருவது. ஒருவர் தனியாக இருந்து அந்தச் சடவு கொள்ள முடியாது. டெல்டாக்காரர் சள்ளை என்பார். தொல்லை செய்யும் வேலையின் மேல் வரும் வெறுப்பு அது. ஆளைக் குற்றம் சொல்லாமல் வேலையைக் குற்றம் சொல்லும் சொல். சென்னைப் பேச்சின் பேஜார் உருது வழியாக வந்தது. மூலத்தில் சலித்து, வெறுத்துப்போன நிலையைக் குறிக்கும். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் எரிச்சல் உச்சத்துக்குப் போனால் "விசர் வருது" என்பார்கள், கோபம் மூண்டால் "கொதி வருது" என்பார்கள். பைத்தியத்தின் பெயரை எரிச்சலுக்குக் கடன் வாங்கியது விசர். அடுப்பிலிருந்து கடன் வாங்கியது கொதி.

இந்தச் சொற்களை அருகருகே வைத்தால் ஒன்று தெளிவாகிறது. ஒன்று தனி உடம்புக்குள் இருக்கிறது. ஒன்று இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறது. ஒன்று வேலையின் மேல் ஏறியிருக்கிறது. ஒன்று அறிவு கலங்கும் விளிம்பில் நிற்கிறது. ஆகவே இவற்றை ஒரே உணர்ச்சியின் பல பெயர்கள் என்று தள்ளிவிட முடியாது.

சொற்கள் பிறந்த இடங்கள்

இத்தனை சொற்களும் எங்கிருந்து பிறந்தன என்று பார்த்தால் ஐந்து ஊற்றுகள் தெரிகின்றன.

முதலாவது உடம்பு. இன்றைய இளைஞர் வாயில் எப்போதும் இருக்கும் சொல் கடுப்பு. "செம கடுப்பா இருக்கு" என்று சொல்லும் பையனுக்கு அது நேற்றுப் பிறந்த சொல்லாகத் தோன்றலாம். ஆனால் அதே ஹாலில் செக்கிங் மேசை முன்னால் நிற்கும் அம்மாக்கள் "காலு கடுக்குது" என்கிறார்கள். நீர்க்கடுப்பும் சீதக்கடுப்பும் நம் பாட்டிமார் சொன்ன நோய்ப் பெயர்கள். வலியின் பெயரே எரிச்சலின் பெயரானது. நோவிலிருந்து "நொந்து போறது" வந்ததும், சடவு உடம்பிலிருந்து மனசுக்கு ஏறியதும் இதே பாதையில்தான்.

இரண்டாவது அடுப்படி. கொதிக்கிறது, எரிகிறது, காந்துகிறது, பொங்குகிறது. ஒருவர் இன்னொருவரை வறுத்தெடுக்கிறார், தாளித்துவிடுகிறார், பொரிந்து தள்ளுகிறார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. கோபத்தைச் சூடாகக் காண்பது உலகத்துப் பல மொழிகளில் இருக்கிறது. தமிழ் அதை ஒரு முழுச் சமையலாகவே ஆக்கிவிட்டது.

மூன்றாவது முகம். உம்மணாமூஞ்சி, சிடுமூஞ்சி, மூக்குக்கு மேல் வரும் கோபம், முகம் சுளிப்பது, முகம் கொடுத்துப் பேசாதது. இதில் கடைசியாக உள்ளது தண்டனைகளில் கடினமானது. பேசிக்கொண்டே இருந்தும் முகத்தைக் கொடுக்காமல் இருக்க முடியும் என்று தமிழுக்குத் தெரியும்.

நான்காவது ஓசை. கடுகடு, சிடுசிடு, வெடுவெடு, முணுமுணு, நறநற எனப் போகும் இரட்டைக் கிளவிகள். உம்மென்று இருப்பதும் உர்ரென்று இருப்பதும் வேறு. உம் என்பது வாய் மூடிய கோபம், உர் என்பது கடிக்கக் காத்திருக்கும் கோபம். வள்ளென்று விழுந்தால் காத்திருப்பு முடிந்துவிட்டது. இந்த ஏணியின் படிகளைத் தமிழ்க் குழந்தை ஐந்து வயதுக்குள் கற்றுக்கொண்டுவிடுகிறது.

ஐந்தாவது நூல். முறுக்கிக்கொள்வது, பிணங்குவது, மனசு சிக்கலாகக் கிடப்பது. பிணங்குதல் என்ற சொல்லுக்கே பின்னிக்கொள்ளுதல் என்ற பொருளும் உண்டு. நூலும் ஊசியும் பிழைப்பான ஊரில் இந்தச் சொற்கள் கண்ணெதிரே நடக்கின்றன. நிட்டிங் மிஷினில் நூல் எங்கோ ஓரிடத்தில் இறுகினால், துணியில் ஓட்டை விழுந்த பிறகுதான் தெரியும். இழுத்துச் சரிசெய்ய முடியாது. மிஷினை நிறுத்தி, இறுகிய இடத்தைக் கண்டுபிடித்து, மெதுவாகத் தளர்த்த வேண்டும். வீட்டில் முறுக்கிக்கொண்டவரிடமும் பெரியவர்கள் அப்படித்தான் நடந்துகொள்வார்கள்.

இந்த ஐந்து ஊற்றுகளுக்கும் நடுவே இலக்கணம் ஒரு நுட்பமான வரப்பைக் கட்டியிருக்கிறது. சில மனநிலைகள் நமக்கு வருகின்றன: எரிச்சல் வருது, கோபம் வருது, கடுப்பாகுது. சிலவற்றை நாமே எடுத்துக்கொள்கிறோம்: கோவிச்சுக்கறது, சடஞ்சுக்கறது, சலிச்சுக்கறது, அலுத்துக்கறது, முறுக்கிக்கறது. இரண்டாம் வரிசைச் சொற்கள் எல்லாவற்றிலும் 'கொள்' என்ற துணைவினை ஒளிந்திருக்கிறது. வந்த கோபம் மழை போல, தானாகத்தான் விட வேண்டும். எடுத்துக்கொண்ட கோபத்தை யாராவது வந்து கேட்டால் இறக்கி வைக்கலாம். "கோவிச்சுக்காதீங்க" என்று கெஞ்ச முடிவது அதனால்தான்.

இன்னொரு பின்னலாடைப் பூமி

இங்கிலாந்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. நாட்டிங்ஹாம் பக்கத்துக் கால்வர்ட்டன் ஊரைச் சேர்ந்த வில்லியம் லீ 1589-இல் காலுறை பின்னும் தறியைக் கண்டுபிடித்தார். இன்றைய நிட்டிங் மிஷினின் மூதாதை அது. நாட்டிங்ஹாமும் லெஸ்டரும் பின்னலாடையால் பிழைத்த ஊர்களாயின. அந்த வட்டாரம் முழுக்கச் சிடுசிடுப்புக்கு வழங்கும் சொல் மார்டி. வடமேற்கே, பருத்தி மில்கள் நிறைந்த லங்காஷயரில் அதே நிலைக்கு நவுட்டி என்பார்கள். அங்கே தறிச் சத்தத்தில் குரல் கேட்காது என்பதால், மில் பெண்கள் உதட்டை விரித்து அசைத்து முகத்தாலேயே பேசப் பழகினார்கள்.

அந்த நாட்டு வட்டார வழக்கைத் தொகுத்தவரும் மில்லிலிருந்து வந்தவர்தான். 1855-இல் பிறந்த ஜோசப் ரைட், யார்க்ஷயரின் சால்ட்டேர் மில்லில் நூல் நிறைந்த பாபினைக் கழற்றும் வேலை செய்த சிறுவன். கோவைப் பக்கத்து மில்களில் நாம் டாபர் என்று சொல்லும் வேலை. பதினைந்து வயது வரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிறகு இரவுப் பள்ளியில் படித்து, ஆக்ஸ்போர்டில் பேராசிரியராகி, 1898 முதல் 1905 வரை ஆங்கில வட்டார வழக்கு அகராதியை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். அவருக்குப் பின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரால்ட் ஆர்ட்டன் தலைமையில் 1950 முதல் 1961 வரை 313 இடங்களில் வட்டார வழக்குக் கணக்கெடுப்பு நடந்தது. 2006-இல் ஷெஃபீல்டு இளைஞர்களின் ஆர்க்டிக் மங்கீஸ் குழு தன் பாட்டொன்றின் தலைப்பிலேயே மார்டியை வைத்தபோது, அந்தச் சொல் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. மக்கள் பாடினால் வட்டாரச் சொல் சாகாது.

மார்டியையும் சடவையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. மார்டி என்பது கெட்டுப்போன, செல்லம் கொடுத்துக் கெடுத்த குழந்தையைச் சொல்லும் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதுகிறார்கள். அந்தச் சொல்லில் சிடுசிடுப்புக்குக் காரணம் அந்த ஆளின் குணம். சடவுக்குக் காரணம் அந்த ஆளின் மேல் ஏறியிருக்கும் வேலை. நம்மிடமும் ஆளைக் குற்றம் சொல்லும் சொற்கள் இருக்கின்றன: முசுடு, சிடுமூஞ்சி, அழுமூஞ்சி. ஆனால் அவற்றுக்குப் பக்கத்திலேயே, குற்றமே சொல்லாமல் நிலையை மட்டும் சொல்லும் சொற்களும் இருக்கின்றன. எந்தச் சொல்லை எடுக்கிறோம் என்பதில் நம் நியாயம் இருக்கிறது.

யாருக்கு எந்தச் சொல்

கம்பெனியில் ஒரு வாரம் காது கொடுத்துக் கேட்டால் இது விளங்கும். முதலாளி முகம் சரியில்லையென்றால், "மொதலாளி டென்ஷனா இருக்கறாரு" என்பார்கள். ஆர்டர், பேங்க், கப்பல் தேதி என்று காரணங்களை நாமே அவருக்காக அடுக்கிக் கொடுப்போம். சூப்பர்வைசர் எரிந்து விழுந்தால், "அவரு கடுப்புல இருக்கறாரு". பவர் டேபிள் டெய்லர் ஒரு நாள் பதில் பேசாமல் இருந்தால், "அவனுக்கு மொறப்பு". பிசிர் வெட்டும் பெண் முகம் கொடுக்காவிட்டால், "அவளுக்குத் திமிரு". உள்ளே இருக்கும் நிலை ஏறக்குறைய ஒன்றுதான். கீழே இறங்க இறங்கக் காரணம் உதிர்ந்து, குணக்குற்றம் மட்டும் மிஞ்சுகிறது. வயதான பெண்ணின் சிடுசிடுப்பும் இளம் பெண்ணின் மௌனமும் இந்த ஏணியில் எப்போதும் கடைசிப் படியில் நிற்கின்றன.

புவியியல் ஆய்வாளர் சரத் சாரி 2004-இல் வெளியிட்ட நூலில், திருப்பூரில் தொழிலாளியாய்த் தொடங்கி முதலாளியான பலர் தங்கள் உயர்வுக்கு 'உழைப்பு' என்ற ஒரே சொல்லைக் காரணமாகச் சொல்வதைக் காட்டுகிறார். உழைப்பு இந்த ஊரின் பெருமைச் சொல் என்றால் சடவு அதன் மறுபக்கம். ஒன்றைச் சொல்லிப் பெருமைப்படுகிற ஊர் மற்றொன்றைத் திமிர் என்று சொல்லக் கூடாது.

டென்ஷனும் டல்லும்

இன்று எல்லாச் சொற்களின் மேலும் ஏறி உட்கார்ந்திருப்பவை டென்ஷன், மூடு அவுட், டல். இவற்றைக் கண்டு நான் முகம் சுளிக்கவில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் இப்போது ஒவ்வொரு ஹாலிலும் இருக்கிறார்கள். உசிலம்பட்டிக்காரருக்கும் ஒடிசாக்காரருக்கும் பொதுவாக இருக்கும் ஒரே மனநிலைச் சொல் டென்ஷன். நாம் மூடு அவுட் என்பதை அவர்கள் மூட் ஆஃப் என்கிறார்கள். நாம் மண்டை சூடு என்பதை திமாக் கரம் என்கிறார்கள். இரண்டு தலையும் ஒன்றாகவே கொதிப்பதைக் கண்டு சிநேகம் பிடித்த பையன்களை எனக்குத் தெரியும்.

டல் என்ற சொல்லோ திருப்பூரின் சொந்தச் சொத்தாகவே ஆகிவிட்டது. "ஆர்டர் டல்லு" என்பதும் "ஆளு டல்லு" என்பதும் ஒரே மூச்சில் வரும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோதும் ஊர் முழுக்க ஒலித்த சொல் அதுதான். ஊரின் முகமும் ஆளின் முகமும் ஒரே சொல்லால் வாடும் இடம் இது. அந்த அளவில் டல் நேர்மையான சொல்.

என் வருத்தம் வேறு. டென்ஷன் என்று சொன்னால் கேட்பவர் என்ன செய்ய வேண்டும்? சொல்லில் அது இல்லை. விலகி இடம் கொடுப்பதா, கிட்டப் போய் உட்காருவதா, சமாதானம் பேசிக் கூட்டி வருவதா, வேலையைக் குறைப்பதா? சடவு, வெசனம், சீராட்டு, சள்ளை ஆகிய ஒவ்வொன்றும் இதற்குத் தன் பதிலைத் தனக்குள் வைத்திருந்தது. எல்லாம் டென்ஷன் ஆனபின், "டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்வது மட்டும்தான் மிச்சம். அது யாருக்கும் எதையும் குறைத்ததில்லை.

செய்ய வேண்டியது

தொகுப்புப் பணி இனி கம்பெனிக்குள்ளேயே நடக்க வேண்டும். திருப்பூர்க் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் மாணவர்களை டீ நேரத்திலும் குழாயடியிலும் உட்கார வைத்தால், ஒரு வருடத்தில் ஒரு நல்ல சொல்லகராதிக்கான சரக்கு சேர்ந்துவிடும். அந்த மாணவர்களில் பலருடைய அம்மாக்களே செக்கிங்கிலும் கைமடியிலும் இருக்கிறார்கள். வீட்டிலேயே தொடங்கலாம். பொருளோடு நிற்காமல், அந்தச் சொல்லைக் கேட்டவர் என்ன செய்தார் என்பதையும் எழுத வேண்டும். சொல்லின் பாதி வாழ்க்கை கேட்பவரிடம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் அதை நான் பார்த்திருக்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு அம்மா வருவார். செருப்பைக் கழற்றும்போதே முகம் தெரிந்துவிடும். நாங்கள் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்ல ஓடுவோம். அப்பத்தா கையை நீட்டித் தடுப்பார். "அம்மாளுக்குச் சடவா இருக்குது. செத்த நேரம் பேசாதீங்க" என்பார். பிறகு ஒரு செம்பு தண்ணீரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, தானும் பேசாமல் உள்ளே போய்விடுவார். அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக் கண்ணை மூடுவார். அரை மணி நேரம் கழித்து அவரே எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்.

மாமியார் மருமகளுக்கு வாங்கிக் கொடுத்த அரை மணி நேரம் அது. அம்மாவுக்குக் கோபம் என்று அப்பத்தா ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நாங்கள் பயந்திருப்போம். சடவு என்று சொன்னதால் காத்திருக்கப் பழகினோம்.